கூடாத எலும்பும் ஒட்டு எலும்பும்

பிளேட் உடைந்து வரும் நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது, "மட்டமான கம்பியா வச்சுட்டாங்களா டாக்டர்?" என்பதுதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முறிவுக்கு நேர் எதிரே இருக்கும் ஸ்க்ரூ துளையில் பிளேட் இரண்டாகப் போயிருக்கும். அதற்கு அடியில் முறிவுக்கோடு, ஆபரேஷன் நடந்த அன்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

கம்பியைக் குறை சொல்வதில் பெரும்பாலும் நியாயமில்லை. பிளேட்டோ ராடோ எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடிக்க வைத்தது. ஒவ்வொரு அடியிலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. எலும்பு கூடிவிட்டால் பாரம் எலும்புக்குப் போய்விடும், கம்பி ஓய்வெடுக்கும். கூடாவிட்டால் மொத்தப் பாரமும் கம்பியின் தலையில். லட்சக்கணக்கான தடவை வளைந்த பிறகு எந்த உயர்ந்த எஃகும் டைட்டானியமும் சோர்ந்து ஒரு நாள் விட்டுவிடும். ஆகவே கம்பி உடைந்ததால் எலும்பு கூடவில்லை என்று நினைக்காதீர்கள். எலும்பு கூடாததால்தான் கம்பி உடைந்தது. உடைந்த கம்பியை எடுத்துவிட்டு இன்னும் தடிமனான ஒன்றை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால், ஏன் கூடவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். எலும்பு எடுத்து வைக்கும் சிகிச்சை, அதாவது போன் கிராஃப்ட் என்கிற ஒட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு வருவது.

எப்போது 'கூடவில்லை' என்று சொல்வது?

மேற்கை எலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதம். முன்கை எலும்புகளுக்கு மூன்று, நான்கு மாதம். தொடை எலும்புக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கும் நான்கிலிருந்து ஆறு மாதம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவென்றால் இன்னும் கூடுதலாகும். குழந்தைகளுக்கு இதில் பாதிகூட ஆகாது. இந்தக் கணக்கைத் தாண்டிய உடனே பதற வேண்டாம். தாமதமாகக் கூடுவது வேறு, கூடாமலே நின்றுவிடுவது வேறு.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1980-களில் ஓர் இலக்கணம் வகுத்தது: அடிபட்டு 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் இருக்கக் கூடாது. உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் இதுதான். ஆனால் நடைமுறையில் இதைக் கண்மூடிப் பின்பற்ற முடியாது. விபத்திலேயே மூன்று சென்டிமீட்டர் எலும்புத் துண்டு சாலையில் போய்விட்டவருக்கு 9 மாதம் காத்திருந்து பார்க்க என்ன இருக்கிறது? அது தானாகக் கூடாது என்பது முதல் நாளே தெரியும். மறுபக்கம், ஐந்தாம் மாதத்தில் மெல்ல மெல்லப் புது எலும்பு படர்ந்துகொண்டிருப்பவரை அவசரப்பட்டு மேஜையில் ஏற்றுவதும் தவறு.

ஆகவே எக்ஸ்ரேக்களை வரிசைப்படுத்தி வையுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கட்டும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் 'கூடுகிறது', 'கூடவில்லை' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று மாத இடைவெளியில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரியும். நேர்ப்படம், பக்கப்படம் இரண்டிலும் சேர்த்து எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் மூன்றிலாவது முறிவின்மேல் பாலம் விழுந்திருந்தால் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்வது வழக்கம். பிளேட் மறைத்து நிற்கும்போதும் சந்தேகம் இருக்கும்போதும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஊன்றும்போது முறிந்த இடத்திலேயே குறிப்பாக வலித்தால் அது எச்சரிக்கை. ஆனால் வலி இல்லை என்பதால் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பல மாதம், வருடம் கூடாமலே இருக்கும் எலும்பின் இரு முனைகளும் வழவழப்பாகி, நடுவே ஒரு போலி மூட்டே உருவாகிவிடும். கை அங்கே வளையும், வலிக்காது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்களுக்கும் இப்படித்தான்.

ஏன் கூடவில்லை?

எலும்பு தானாகக் கூடும் உறுப்பு. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டுகிறது. அதற்குள் செல்கள் நுழைகின்றன. முதலில் மென்மையான குருத்தெலும்பு, பிறகு சுண்ணாம்பு ஏறி உறுதியான புத்தெலும்பு. கடைசியில், ஒன்றிரண்டு வருடங்களில், பழைய வடிவத்துக்குச் செதுக்கப்படுகிறது. இதற்கு இரண்டு தேவை: ரத்த ஓட்டம், அசையாமை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும்.

டிபியாதான் அதிகம் மாட்டுவது. காரணத்தை உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலை ஓட்டினால் தோலுக்கு அடியில் நேரே எலும்பு. சதையே இல்லை. கணுக்காலை நெருங்க நெருங்கப் பின்பக்கச் சதையும் மெலிந்து தசைநாராகிவிடும். சதை வழியாக வரும் ரத்தம்தான் முறிந்த எலும்புக்குப் பெரிய ஆதாரம். அந்த ஆதாரம் குறைந்த இடத்தில்தான் பைக்கின் பம்பரும் சாலையோரக் கல்லும் மோதுகின்றன. தோல் கிழிந்து மண் புகுந்தால் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

மற்ற காரணங்கள்: முனைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இறுக்கப்பட்ட பிளேட், எலும்புக் குழிக்குள் தொளதொளவென்று நிற்கும் ராடு, முனைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட சதை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, தைராய்டு, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை. எலும்புத் தேய்மானத்துக்கென்று அலென்ட்ரனேட் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிய வயதான பெண்களின் தொடையெலும்பில் ஒருவகை விசித்திர முறிவு வருவதுண்டு. அதுவும் மெதுவாகத்தான் கூடும். வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவதும் எலும்புக்கு நல்லதில்லை. எந்த அளவு கெடுதல் என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் உண்டு, ஆனால் தேவையில்லாமல் போடாமல் இருப்பதில் விவாதமில்லை.

புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களின் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வெளிநோயாளிப் பிரிவில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

"தினம் ஆட்டுக்கால் சூப் வச்சுக் கொடுக்கிறேன் டாக்டர். பிரண்டைத் துவையல் ஒரு நாள் தவறல. அப்புறமும் ஏன் சேர மாட்டேங்குது?"

"அம்மா, தம்பிக்கு சிகரெட், பீடிப் பழக்கம் உண்டா?"

அம்மா மகனைப் பார்ப்பார். மகன் தரையைப் பார்ப்பான். "இல்ல சார். பாக்கு மட்டும்தான் போடுவேன்."

புகையிலை கலந்த பாக்கென்றால் அதில் இருப்பதும் அதே நிகோடின்தான். ஆட்டுக்கால் சூப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ருசியானது. பிரண்டையும் சாப்பிடட்டும். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்கு எந்தத் துவையலும் பாலம் போடாது.

இன்னொன்று, புத்தூர்க் கட்டு. ஆந்திரத்தின் புத்தூரில் பிறந்து தமிழ்நாட்டின் எல்லா ஊர்ச் சாலைகளிலும் பெயர்ப் பலகையாக நிற்கும் வைத்தியம். விலகாத சின்ன முறிவுகள் மூங்கில் பத்தை கட்டினாலும் கூடும், கட்டாவிட்டாலும் அசைக்காமல் வைத்தால் கூடும். பிரச்சினை, விலகிய தொடை முறிவுக்கும் முன்கை முறிவுக்கும் அதே கட்டைப் போட்டு, வாராவாரம் அவிழ்த்து எண்ணெய் தேய்த்து மறுபடி கட்டும்போது வருகிறது. எலும்பு அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் அதைக் கலைத்துக்கொண்டே இருக்கிறோம். இறுக்கிக் கட்டியதால் விரல்கள் நீலம் பாய்ந்து வருபவர்களும் உண்டு. கட்டுப் போட்டிருந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சிகிச்சையின் திட்டம் அதைப் பொறுத்தும் மாறும்.

எல்லாருக்கும் ஒட்டு வேண்டுமா?

வேண்டாம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கூடாத எலும்பை எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டு முகம் தெரியும். ஒன்றில், முறிவின் இரு முனைகளும் புத்தெலும்பு திரண்டு அகன்று பருத்திருக்கும். யானைப் பாதம் என்றே மருத்துவத்தில் இதற்குப் பெயர். இந்த எலும்புக்கு ரத்தமும் உயிரும் தாராளமாக இருக்கின்றன. அசைவு அதிகமாக இருப்பதால் பாலம் மட்டும் விழவில்லை. இங்கே எலும்பு எடுத்து வைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. உறுதியாகப் பிடித்து நிறுத்தினால் போதும், ஒல்லியான ராடை எடுத்துவிட்டுப் பருமனான ராடு போடுவதோ, ராடோடு சேர்த்து ஒரு பிளேட் வைப்பதோ. சில மாதங்களில் கூடிவிடும்.

இன்னொரு முகத்தில் முனைகள் கூம்பி, பென்சில் சீவியதுபோல் மெலிந்து, சுற்றிலும் புது எலும்பின் அறிகுறியே இல்லாமல் கிடக்கும். இங்கே உயிரே குறைவு. எவ்வளவு இறுக்கினாலும் போதாது. இதற்குத்தான் ஒட்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வகையும் உண்டு. அங்கே மருத்துவரின் தீர்மானம்தான்.

ஆகவே "எலும்பு வச்சு ஆபரேஷன் பண்ணணும்" என்று சொன்னால், "இது எந்த வகை டாக்டர்? பிடிப்பு போதாததா, உயிர் போதாததா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் மருத்துவரிடம் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முதலில் சீழ்

கூடாத எலும்பு எதுவானாலும் உள்ளே கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒட்டு வைக்கக் கூடாது. சீழ் வடிந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் தோல் நன்றாக ஆறி, காய்ச்சலும் இல்லாமல், அடியில் மெல்லப் புகையும் தொற்றுகள் ஏராளம். முன்பு தோல் கிழிந்த முறிவாக இருந்ததா, முதல் ஆபரேஷனுக்குப் பிறகு காயத்தில் நீர் கசிந்ததா, ஆன்டிபயாடிக் நீண்ட நாள் போட்டார்களா என்பதை எல்லாம் சொல்லுங்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். இவை இயல்பாக இருந்தாலும் தொற்று இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

உறுதியான சாட்சி, ஆபரேஷனில் ஆழத்திலிருந்து எடுக்கும் திசுக்கள். ஓரிடத்தில் ஒன்று எடுத்தால் போதாது. பல இடங்களில், பொதுவாக ஐந்து துண்டுகள், தனித்தனிக் கத்தியால் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். சோம்பேறிக் கிருமிகள் முளைக்க நாளாகும் என்பதால் இரண்டு வாரம்கூட வைத்துப் பார்ப்பதுண்டு. அதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்வார்கள். "மாத்திரையை நிறுத்தினா செப்டிக் ஆயிடுமே" என்று பயந்து ரகசியமாகப் போட்டுக்கொண்டால், கிருமி மயங்கிக் கிடந்து சோதனையில் முளைக்காது, எலும்பில் மட்டும் உயிரோடு இருக்கும்.

தொற்று இருந்தால் சிகிச்சை இரண்டு கட்டமாகும். முதலில் பழைய கம்பிகளை எடுத்து, செத்த எலும்பை வெட்டிச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்டை அந்தக் குழியில் வைப்பார்கள். கிருமி அடங்கியது உறுதியான பிறகே ஒட்டு. "ரெண்டு ஆபரேஷன் எதுக்கு, ஒண்ணா முடிச்சிடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். சீழுக்குள் போட்ட ஒட்டு கரைந்துபோகும், எடுக்கப்பட்ட எலும்பும் வீண்.

அப்படியானால் ஒட்டு என்பது என்ன?

எங்கிருந்தோ எலும்பைக் கொண்டுவந்து ஓட்டையை அடைப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. வைத்த எலும்பு அப்படியே நிலைத்துவிடுவதில்லை. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் நுழைந்து, உடல் அதை மெல்லத் தின்று, அந்த இடத்தில் தன் சொந்த எலும்பை இட்டு நிரப்புகிறது. புடலங்கொடிக்கு விதையும் எருவும் ஏறிப் படரப் பந்தலும் வேண்டும் அல்லவா? நல்ல ஒட்டு இந்த மூன்றையும் கொண்டுவருகிறது: எலும்பை உருவாக்கும் உயிருள்ள செல்கள், அச்செல்களைத் தூண்டும் புரதங்கள், படர்ந்து போகச் சல்லடைச் சட்டம். உடம்பின் சொந்த எலும்பில் மட்டும்தான் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்.

வரலாறு சுருக்கமாக. 1880 வாக்கில் கிளாஸ்கோவில் வில்லியம் மக்கீவன் என்ற அறுவை மருத்துவர், தொற்றால் மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, மற்ற குழந்தைகளின் வளைந்த கால் எலும்பிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்துக் கையை மீட்டார். 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்கர், சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலே அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று காட்டினார். தூண்டும் புரதம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் புரதங்களைச் செயற்கையாகத் தயாரித்து மருந்தாக விற்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. விலை கடுமை. எல்லாருக்கும் தேவையுமில்லை.

எங்கிருந்து எடுப்பார்கள்? பெரும்பாலும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பிலிருந்து, வேட்டிக் கட்டும் பாவாடை நாடாவும் உட்காரும் அதே மேட்டிலிருந்து. சில விரற்கடை நீளத்துக்குத் தோலைக் கீறி, விளிம்பின் ஓட்டைத் திறந்தால், உள்ளே ரத்தத்தில் ஊறிய சல்லடை எலும்பு. அதைக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பார்கள். முன் விளிம்பில் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லி கிடைக்கும், பின் விளிம்பில் இன்னும் கூட. எடுத்ததைக் காயவிடக் கூடாது. ரத்தத்தில் நனைந்த துணியில் மூடி வைத்து, கூடிய சீக்கிரம் இடத்தில் சேர்ப்பார்கள். காயவிட்டால் செல்கள் சாகும், பந்தல் மட்டும்தான் மிஞ்சும்.

தொடை எலும்பின் குழிக்குள் ஒரு கருவியை ஓட்டிக் குடைந்து, அந்தத் துகள்களை உறிஞ்சிச் சேகரிக்கும் முறையும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அதிக அளவு கிடைக்கும். ஆனால் ரத்த இழப்பு கூடுதல், குடைந்த எலும்பே முறியும் அபாயமும் உண்டு. அனுபவமுள்ளவர் கையில்தான் அது.

பிறர் எலும்பு, எலும்பு வங்கியிலிருந்து வருவது. மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எடுக்கும் தொடை எலும்புத் தலைகளையும் இறந்தவர்கள் கொடுத்த எலும்புகளையும் பரிசோதித்து, கதிர்வீச்சால் கிருமி நீக்கி வைத்திருப்பார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இதைச் செய்கிறது. செல்கள் உயிரோடு இருக்காது, பந்தல் கிடைக்கும். பெரிய குழியை நிரப்பச் சொந்த எலும்பு போதாதபோது இரண்டையும் கலந்து வைப்பார்கள்.

கால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸி அபடைட் என்று குப்பியிலும் பாக்கெட்டிலும் வருவது செயற்கை எலும்பு. இதுவும் பந்தல் மட்டுமே. பில்லில் இது ஏறியிருந்தால், சொந்த எலும்பு எடுக்க முடியாததற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். இடுப்பில் ஏற்கெனவே எடுத்துவிட்டது, குழி மிகப் பெரியது என்று நல்ல காரணங்கள் உண்டு. "இடுப்புல வலிக்கும், அதான்" என்பது உயிர் போதாத எலும்புக்குப் போதுமான காரணம் இல்லை.

மேஜையில் நடப்பது

கூடாத முனைகளைத் திறந்து, நடுவே உறைந்துகிடக்கும் நார்த்திசுவைச் சுரண்டி அகற்றுவார்கள். பிறகு வெளிறிய, செத்த எலும்பைச் சிறிது சிறிதாகச் செதுக்கிக்கொண்டே போவார்கள். எதுவரை? வெட்டிய முகத்தில் சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசியும்வரை. சிவப்புத் தெரியாத முனையில் ஒட்டு வைத்துப் பயனில்லை. அடைபட்ட எலும்புக் குழியையும் துளைத்துத் திறப்பார்கள். முனைகளின் மேற்பரப்பைச் சதையோடு சேர்த்து இதழ் இதழாகக் கொத்தி விடுவதும் உண்டு. ஒவ்வொரு இதழும் தன் சதையிலிருந்து ரத்தம் குடித்துக்கொண்டே புது எலும்பு பிறப்பிக்கும். அதன்பின் உறுதியாக நிலைநிறுத்தி, சுற்றிலும் ஒட்டை அடுக்கி மூடுவார்கள்.

எலும்புக்கு எலும்பு வழி மாறும். மேற்கையில் பெரும்பாலும் நீளமான பிளேட்டும் ஒட்டும்; எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பைக் காப்பதுதான் அங்கே பாதி வேலை. அந்த நரம்பு தற்காலிகமாகச் சோர்ந்து மணிக்கட்டுத் தொங்கலாம் என்று முன்கூட்டியே சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். முன்கையில் நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் கை திருப்புவது கெடும், ஆகவே அங்கே சுரண்டிய துகளோடு கெட்டித் துண்டும் வைப்பார்கள். டிபியாவின் முன்பக்கத் தோல் தழும்பேறி மோசமாக இருந்தால் பின்பக்கமாகப் போய், நல்ல சதைக்கு அடியில் ஒட்டை வைப்பதும் உண்டு. பக்கத்து ஒல்லி எலும்பு முன்னமே கூடிவிட்டு டிபியாவின் முனைகள் நெருங்கவிடாமல் முட்டுக் கொடுத்தால், அதில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார்கள்.

இடைவெளி பெரிதாக இருந்தால்

நான்கு, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் சும்மா ஒட்டை அடைத்து வைத்தால் அது உள்ளே கரைந்துவிடும். மூன்று வழிகள் உண்டு.

பிரான்ஸின் ஆலன் மாஸ்க்லே 1980-களில் தொடங்கிய வழியில், இடைவெளியில் முதலில் சிமென்ட் உருளை வைப்பார்கள். ஆறு, எட்டு வாரத்தில் அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை நெய்கிறது. அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்களும் தூண்டும் புரதங்களும் நிறைந்திருக்கும். இரண்டாம் அறுவையில் சவ்வைக் கவனமாகக் கீறி, சிமென்டை எடுத்து, அந்த உறைக்குள் ஒட்டை நிரப்பித் தைத்துவிடுவார்கள். ஒட்டு கரையாது. தொற்று இருந்த முறிவுகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இன்று பல பெரிய மருத்துவமனைகளில் இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது, மக்கள் 'ரிங்' என்று சொல்லும் இலிசாரோவ் கருவி. சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரோவ் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நல்ல பகுதியில் எலும்பை வெட்டி, அந்தத் துண்டை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர், நான்கு தவணையாகக் கால் கால் மில்லிமீட்டர் நகர்த்தினால், பின்னால் தானே புது எலும்பு பிறந்துகொண்டே வரும். எங்கிருந்தும் ஒட்டு எடுக்கத் தேவையில்லை, ஆனாலும் இரு முனைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் சிலருக்கு ஒட்டு வேண்டியிருக்கும். இரும்புத்திரைக்கு அப்பால் இது நெடுநாள் யாருக்கும் தெரியாது. இத்தாலிய மலையேறி கார்லோ மௌரிக்கு 1961-இல் பனிச்சறுக்கில் முறிந்த கால் கூடாமல் தொற்றும் ஏறிக் கிடந்தது. கடலோடி தோர் ஹெயர்டாலின் பயணத்தில் உடன் வந்த சோவியத் மருத்துவர் யூரி சென்கெவிச் வழிகாட்ட, மௌரி 1980-இல் குர்கான் போய்க் காலை நேராக்கிக்கொண்டு திரும்பினார். அவருடைய மருத்துவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த ஆண்டே இலிசாரோவ் இத்தாலிக்கு அழைக்கப்பட்டார்.

பயன் பெரிது, பொறுமையும் பெரிதாக வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு நகர்த்தலே 50 நாள். பிறந்த எலும்பு முற்ற, சென்டிமீட்டருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ரிங் காலில் இருக்கும். கம்பி நுழையும் இடங்களை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். பேன்ட், லுங்கி, தூங்கும் விதம் எல்லாம் மாறும். குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்தால்தான் முடியும்.

மூன்றாவது, பக்கத்துக் காலின் ஒல்லி எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் குழாய்களை இணைப்பது. 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் செய்து காட்டினார். நுண் அறுவையில் கைதேர்ந்த குழு இருக்கும் இடத்தில்தான் செய்ய முடியும்.

அறுவைக்குப் பின்

வியப்பாக இருக்கும்: முதல் வாரம் காலைவிட இடுப்புதான் வலிக்கும். இருமும்போது, புரளும்போது இழுக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் போய்விடும். தொடையின் வெளிப்பக்கம் மரத்தோ எரிந்தோ இருந்தால், இடுப்பு முனையருகே ஓடும் தோல் நரம்பு இழுபட்டிருக்கிறது. அநேகமாக மெல்லச் சரியாகும். இடுப்புக் காயத்தில் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

மருத்துவர் சொல்லும் நாளில் மட்டும் ஊன்றத் தொடங்குங்கள். ராடு போட்டிருந்தால் சீக்கிரம், பிளேட் என்றால் தாமதமாக. முழங்கால், கணுக்கால், தோள், முழங்கை மூட்டுகளை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். எலும்பு கூடி மூட்டு விறைத்துப்போனால் பாதி வெற்றிதான். மாதம் அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே. முதல் இரண்டு மாதம் ஒட்டு பனிமூட்டமாகத்தான் தெரியும். சில சமயம் இருந்ததுகூட மங்கும், பயப்படாதீர்கள். பாலம் தெரிய மூன்று மாதம், உறுதியாக நான்கிலிருந்து ஆறு மாதம், டிபியாவில் இன்னும் கூட.

வைட்டமின் டி குறைவு நம் வெயில் நாட்டிலேயே சகஜம். பரிசோதித்து, குறைந்தால் மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் புரதம் முக்கியம்: முட்டை, மீன், கருவாடு, பருப்பு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். புகையிலை, எந்த உருவத்திலும், எலும்பு கூடியதாகப் படம் சொல்லும்வரை கிடையாது.

பணமும் தாளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த அறுவைக்குப் பாக்கேஜ் உண்டா, கம்பிகளின் செலவு அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். கம்பி வாங்கிய பில்லையும் அதில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு மருத்துவர் அதே கம்பியை எடுக்க வேண்டி வந்தால், எந்த ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் என்பது அதில்தான் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. தலை தேய்ந்த ஒரு ஸ்க்ரூ அறுவையை ஒரு மணி நேரம் நீட்டிவிடும்.

சாலை விபத்து வழக்கு நடந்தால், விபத்துப் பதிவேட்டு நகல், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லா எக்ஸ்ரேக்களும் வழக்கறிஞரிடம் போகட்டும். எலும்பு கூடாமல் இரண்டாம், மூன்றாம் அறுவை நடந்தால் அதுவும் கணக்கில் வரும். நிரந்தர ஊனச் சதவீதத்தைச் சிகிச்சை முடிந்து நிலை தெளிந்த பிறகு மதிப்பிடுவதே முறை. பாதியில் ஒரு தொகைக்குச் சமாதானமாகும் முன், இன்னொரு அறுவை தேவைப்படுமா என்று உங்கள் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

முறையாகச் செய்த ஒட்டு பெரும்பாலோருக்குக் கூடிவிடுகிறது. ஆறு மாதத்தில் படத்தில் எதுவும் நகரவில்லை என்றால் மறுபடி அதே ஒட்டையே வைப்பதில் பொருளில்லை. தொற்று, பிடிப்பு, ரத்தம், புகையிலை என்று ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

கூடிய பிறகு கம்பியை எடுத்தே தீர வேண்டும் என்று கிடையாது. தோலில் முட்டி உறுத்தினால் எடுக்கலாம், அதுவும் கூடி ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து. கூடாமல் ஒருமுறை பாடுபடுத்திய எலும்பில், உறுத்தாத கம்பியை விட்டுவிடுவதே நல்லது. எடுத்தால் ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை சில மாதம் கால்பந்தும் வேண்டாம், மூட்டை தூக்குவதும் வேண்டாம்.